மீன் தீவனத்தில் பூண்டும் மஞ்சளும்: எவ்வளவு, எப்போது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை அருகே எங்கள் தென்னந்தோப்பில் அரை ஏக்கர் குட்டை இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் சேர்த்து 1,500 மீன்கள். ஒவ்வொன்றும் சுமார் 200 கிராம். சென்ற ஆண்டு துலாவர்ஷ (வடகிழக்குப் பருவ) மழைக்குப் பிறகு உடலில் செம்புள்ளி கண்டு நிறைய மீன்கள் செத்தன. பூண்டு, மஞ்சள், வேப்பிலை மூன்றையும் தீவனத்தில் கலந்தால் நோயே வராது என்கிறார் மாமா. எவ்வளவு கலக்கலாம்?

பதில்: மாமா சொன்ன மூன்றில் இரண்டை ஏற்கலாம். 'நோயே வராது' என்பதை மட்டும் ஏற்க வேண்டாம்.

நோய் கண்ட மீன் முதலில் இரையெடுப்பதைத்தான் நிறுத்தும். இரை தொடாத மீனுக்குத் தீவனத்தில் மருந்து வைத்து என்ன பயன்? பூண்டும் மஞ்சளும் நோய்க்கு முன்பே எதிர்ப்புத் திறனை ஏற்றி வைப்பவை. புரட்டாசி பிறந்ததும் தொடங்கி மூன்று, நான்கு வாரம் கொடுத்து நிறுத்திவிடுங்கள். ஆண்டு முழுவதும் கொடுத்தால் பலன் கூடுவதில்லை.

உங்கள் மீன்களின் மொத்த எடை 300 கிலோ. அதில் 2 சதவீதம் என்று வைத்தால் நாளொன்றுக்கு 6 கிலோ தீவனம். கிலோவுக்கு 5 கிராம் பூண்டு போதும், அதாவது 30 கிராம். கிலோவுக்கு 10 கிராமைத் தாண்டவே வேண்டாம். பூண்டை நசுக்கும்போதுதான் அதன் வீரியப் பொருளான அல்லிசின் உருவாகிறது. சூடு பட்டால் கெட்டுவிடும். ஆகவே நசுக்கிப் பத்து நிமிடம் வைத்து, பச்சையாகவே கலக்க வேண்டும். தவிட்டோடு சேர்த்து வேகவைப்பவர்கள் பூண்டு வாசனையைத்தான் மீனுக்குக் கொடுக்கிறார்கள். மஞ்சள் தூள் கிலோவுக்கு 2 கிராம். அதன் சாரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். இரண்டு கரண்டி தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூண்டோடு சேருங்கள். கடைத் தீவனமானால் ஆறிய கஞ்சியை இலேசாகத் தெளித்துப் புரட்டி நிழலில் உலர்த்தினால் கலவை ஒட்டிக்கொள்ளும். அன்றைக்குக் கலந்ததை அன்றே போட்டுவிடுங்கள்.

வேப்பிலையை விட்டுவிடுங்கள். கசப்பால் இரையெடுப்பு குறையும். அளவு மிஞ்சினால் மீனுக்கு நஞ்சு. இலை தழைதானே, என்ன செய்துவிடும் என்ற நினைப்பே ஆபத்தானது. குஞ்சு விடுவதற்கு முன் குட்டையில் உள்ள வேண்டாத மீன்களைக் கொல்ல நாம் எக்டேருக்கு 2,000 முதல் 2,500 கிலோ வரை கொட்டும் இலுப்பைப் பிண்ணாக்கும் தாவரப் பொருள்தான்! பச்சை மரவள்ளி இலையில் சயனைடு உண்டு. கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை தென்பட்டால் ஈவு இரக்கமின்றிக் கொட்டிவிடுங்கள். அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் மீனின் ஈரலைக் கெடுக்கும். அப்படிப்பட்ட தீவனத்தை எந்த மூலிகையும் காப்பாற்றாது.

இனி அந்தச் செம்புள்ளி. மழைக்குப் பின் தண்ணீர் குளிர்ந்து, அதன் கார அமில அளவு (பி.எச்.) சரியும் வேளையில் வருவது பெரும்பாலும் கொள்ளைப் புண் நோய். அதற்கு மூலகாரணம் அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரி. 1990களின் தொடக்கத்தில் கேரளத்து நீர்நிலைகளை அலைக்கழித்ததும் அதுவே. பூண்டு அதற்குப் போதாது. மழைக்கு முன் பி.எச். அளவைப் பாருங்கள், 7க்குக் கீழே இருந்தால் 40 கிலோ சுண்ணாம்பைப் பிரித்துப் பிரித்துக் கரைத்துத் தெளியுங்கள். நோய் தொடங்கிவிட்டால், புவனேசுவரத்து நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் என்ற மருந்து இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு எக்டேர் குளத்துக்கு ஒரு லிட்டர் என்பது அளவு. உங்கள் குட்டையின் ஆழம் ஒன்றரை மீட்டரானால் 300 மில்லி.

செம்புள்ளி என்றாலே அந்த நோய்தான் என்றும் இல்லை. மீன் பேன் கடித்த இடமும் சிவக்கும். பேன் பிடித்த மீன் கரையில் உடம்பைத் தேய்க்கும். உற்றுப் பார்த்தால் தட்டையான பூச்சி தோலில் நகர்வது கண்ணுக்கே தெரியும். சந்தேகமானால் உயிரோடிருக்கும் நோயுற்ற மீனை, குட்டைத் தண்ணீரோடு பாலித்தீன் பையில் அடைத்து மீன்வளத் துறை அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். செத்து ஊறிய மீனில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.