கைக்குழந்தையோடு வெளிநாட்டில்: எதற்கு ஓட வேண்டும், எதற்குப் பொறுக்கலாம்?

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். இங்கே வந்து இரண்டு மாதம், கையில் பத்து வாரக் குழந்தை, வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. தும்மினாலும் டாக்டரிடம் ஓடுகிறோம், எதற்கு ஓடுவது, எதற்குப் பொறுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாங்களும் ஓடியவர்கள்தான். மூத்தவனுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஓர் இரவு சளி பிடித்து, மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். நர்ஸ் கேட்டதெல்லாம் கணக்கு. காய்ச்சல் எத்தனை டிகிரி, காலையிலிருந்து எத்தனை டயப்பர் நனைந்தது, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "ரொம்ப வேகமா மூச்சு விடறான்" என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைக்காதீர்கள், சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள், ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று என்றார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கப் போனேன், விடவில்லை. கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது, நாலு தடவை வேகமாக விட்டுக் கொஞ்சம் நிறுத்தும், அதனால் முழு நிமிடமும் எண்ண வேண்டுமாம். அழுகை அடங்கியதும் எண்ணினேன். 44.

இரண்டு மாதத்துக்குள் 60, அதன்பின் ஒரு வயது வரை 50. இந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ டாக்டர் பார்த்தாக வேண்டும். அன்று வீட்டிலேயே இருந்துகொண்டோம். ஆனால் மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

காய்ச்சல் விஷயத்தில் உங்கள் குழந்தையின் வயதுக்குச் சட்டம் ஒன்றுதான். மூன்று மாதம் முடியாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காட்டினால், நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். நீங்களாக மருந்து கொடுத்து இறங்குகிறதா என்று பார்க்க வேண்டாம். அந்த வயதில் உள்ளே பெரிய தொற்று இருந்தாலும் வெளியே தெரிவது வெறும் காய்ச்சலாக மட்டும் இருக்கலாம். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது, தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்து என்றதும் ஒன்று. பெட்டியில் எடுத்து வந்த பாரசிட்டமால் சொட்டு மருந்தும் இங்கே வாங்கும் சிரப்பும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மில்லியில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து உண்டு, ஐந்து மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு. சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும்! டாக்டர் அளவு சொல்லும்போது பாட்டிலைக் கையில் காட்டிக் கேளுங்கள். டீஸ்பூன் வேண்டாம், சிரிஞ்சால் கொடுங்கள்.

டயப்பர் கணக்கு சுலபம். முதல் வாரம் தாண்டியபின் ஒரு நாளைக்கு ஆறாவது நனைந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்கே வந்துவிடும், அதற்காகக் கலங்க வேண்டாம். ஆறு மாதம் வரை பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவவும் கூடாது. அதிலிருக்கும் கிருமி விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். தாய்ப்பாலில் வைட்டமின் டி குறைவு என்பதால் பெரும்பாலும் தினம் 400 யூனிட் சொட்டு எழுதித் தருவார்கள், அதை விடாதீர்கள். தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்க.

தடுப்பூசி அட்டையை முதல் சந்திப்பிலேயே கொடுங்கள். அட்டவணை நாட்டுக்கு நாடு மாறும். தட்டம்மை ஊசி சில இடங்களில் 9 மாதத்தில், சில இடங்களில் 12 மாதத்தில். போட்ட ஊசியின் பெயரும் தேதியும் தெளிவாக இல்லையென்றால் மறுபடி போடச் சொல்லலாம்.

யாரும் எனக்குச் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். நம் குழந்தைகளுக்கு முதுகிலும் பின்பக்கத்திலும் நீலச் சாம்பல் நிறத்தில் பிறவி மச்சம் இருப்பது சகஜம். பார்த்துப் பழகாதவர்கள் அடிபட்ட காயம் என்று நினைத்துவிடுவார்கள். எங்களையும் ஒருமுறை ஒரு மாதிரியாகக் கேள்வி கேட்டார்கள், அந்த அவமானம் இன்னும் மறக்கவில்லை. டாக்டரிடம் காட்டிக் கோப்பில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மஞ்சள் காமாலையும் அப்படித்தான், நம் தோல் நிறத்தில் சட்டென்று தெரியாது. கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உங்கள் குழந்தைக்குப் பத்து வாரம் ஆகிவிட்டது. இன்னும் மஞ்சள் தெரிந்தாலோ, மலம் வெளிறிப் போனாலோ இன்றே காட்டுங்கள்.

அப்புறம், இன்று குழந்தை நன்றாகத் தூங்கும்போது ஒருமுறை மூச்சை எண்ணி எழுதி வையுங்கள். சளி பிடித்த ராத்திரியில் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் வேண்டும்.