நனோ வெள்ளித் திரவத்தை அருந்தலாமா?

கேள்வி: எங்கள் வீதியிலுள்ள கடையொன்றில் 'நனோ வெள்ளி' என்ற திரவத்தை விற்கிறார்கள். தினமும் சில துளிகள் அருந்தினால் டெங்கு உட்பட எல்லா வைரசுகளும் அழிந்துவிடும் என்கிறார்கள். கொவிட் தடுப்பூசியிலும் இதே தொழில்நுட்பம்தானே இருந்தது? நம்பி வாங்கலாமா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: வாங்க வேண்டாம், ஏற்கெனவே வாங்கியிருந்தால் அருந்த வேண்டாம். தீக்காயங்களுக்கு இடும் சிலவகைக் கட்டுத்துணிகளில் வெள்ளி பயன்படுவது உண்மைதான். ஆனால் வாய்வழியாக உட்கொள்ளும் வெள்ளி வைரஸ் நோய் எதையும் குணப்படுத்தியதாக நிறுவப்படவில்லை. தொடர்ந்து அருந்துவோரின் உடலில் அது படிந்து, தோலை நீலச்சாம்பல் நிறமாக்கிவிடக்கூடும். அந்த நிறம் பெரும்பாலும் நிரந்தரமானது. கடைகளில் விற்கப்படும் இத்தகைய வெள்ளித் திரவங்கள் பாதுகாப்பானவையாகவோ பயனுள்ளவையாகவோ ஏற்கப்படவில்லை என்று அமெரிக்க மருந்து ஒழுங்குபடுத்தல் அமைப்பு 1999 ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

தடுப்பூசியின் கதை முற்றிலும் வேறு. பைசர், மொடேர்னா தடுப்பூசிகளிலுள்ள எம்.ஆர்.என்.ஏ., ஒரு புரதத்தை ஆக்கும்படி கலத்துக்குச் செய்தி சொல்லும் மிக மென்மையான மூலக்கூறு. உடலில் தனியே செலுத்தினால் நொதியங்கள் அதை விரைவிலேயே சிதைத்துவிடும். ஆகவே நான்கு வகைக் கொழுப்புகளாலான, ஏறத்தாழ 100 நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள உருண்டைக்குள் அதை அடைத்து அனுப்புகிறார்கள். அந்நான்கில் ஒன்று குருதியில் மின்னேற்றமின்றி இருக்கும். கலம் உருண்டையை விழுங்கியதும், உள்ளேயுள்ள அமிலச் சூழலில் நேர்மின்னேற்றம் பெற்று, தன்னைச் சூழ்ந்த மென்சவ்வைக் குலைத்து, எம்.ஆர்.என்.ஏ.யை வெளியேற்றும். அதன் பின்னரே கலம், கொவிட் வைரசின் மேற்பரப்பில் முள்போல் நீட்டியிருக்கும் முட்புரதத்தை ஆக்கி, நோயெதிர்ப்புத் தொகுதிக்கு இனங்காட்டுகிறது. 2023 இல் விஞ்ஞானிகளான கத்தலின் காரிக்கோவுக்கும் ட்ரூ வைஸ்மனுக்கும் கிடைத்த நோபல் பரிசு எம்.ஆர்.என்.ஏ.யில் அவர்கள் செய்த மாற்றத்துக்கானது; அதைச் சுமந்து சென்ற கொழுப்பு உருண்டையை ஏனோ பலரும் பேசுவதில்லை. இத்தகைய உருண்டையில் அடைத்த மருந்தொன்று, பரம்பரை நரம்பு நோய்க்காக, கொவிட்டுக்கு முன்னரே 2018 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது. எப்படிப் பார்த்தாலும் உருண்டை வெறும் கடித உறைதான். வைரசை எதிர்கொள்வது உங்கள் உடலே.

டெங்குவில் நனோ தொழில்நுட்பத்தை நீங்கள் ஏற்கெனவே கண்ணால் கண்டிருக்கக்கூடும். டெங்கு வைரசின் என்.எஸ்.1 என்ற புரதத்தைக் கண்டறியக் காய்ச்சலின் முதல் நாட்களில் செய்யும் துரிதப் பரிசோதனைப் பட்டைகள் பலவற்றில் தோன்றும் செந்நிறக் கோடு, தங்க நனோத் துணிக்கைகள் ஒன்றுசேர்ந்ததால் உண்டாவது. அவ்வளவு நுண்ணிய அளவில் தங்கம் மஞ்சளாகத் தெரியாது, சிவப்பாகவே தெரியும். ஆனால் டெங்கு வைரசைக் கொல்லும் மருந்து, நனோவாயினும் வேறெதுவாயினும், மருத்துவமனைகளில் இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. காய்ச்சல் இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சென்று முழுமையான குருதிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நீராகாரம் தாராளமாக எடுத்து, பரசிற்றமோலை உரிய அளவில் மட்டும் பயன்படுத்துங்கள். அஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை குருதிப் பெருக்கை மோசமாக்கக்கூடும் என்பதால் அவற்றை அறவே தவிருங்கள்.