செட்டர் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: பியகமையில் ஒரு கொம்பனியில் 18 மாதமாக உலோகத் தகடு வெட்டும் பிரஸ் மெசினில் ஒப்பரேட்டராக இருக்கிறேன். இப்போது செட்டராக, அதாவது தகட்டை வெட்டும் அச்சை மெசினில் ஏற்றிச் சரிசெய்பவராகப் போடுகிறோம் என்கிறார்கள். தோட்டத்து ஸ்டோரில் ரோலர் மெசினில் நின்ற அப்பா, "கை பத்திரம்" என்று மட்டும் சொன்னார். நான் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?
- வாசகர், நோர்வூட்

பதில்: வாழ்த்துகள் தம்பி, தைரியமாகப் போங்கள். அப்பா சொன்னதுதான் முதல் பாடம். ஒப்பரேட்டரின் கை பெரும்பாலும் தகட்டோடு நின்றுவிடும், ஆனால் அச்சை ஏற்றுவது, கழற்றுவது, சிக்கிய துண்டை எடுப்பது என்று செட்டரின் கை அச்சுக்குள்ளேயே போகிறது.

அதனால் முதலில் உங்கள் மெசினில் என்ன கிளச் என்று கேளுங்கள். சுழலும் பிளைவீலோடு, அதாவது கனமான சக்கரத்தோடு, மேலச்சை இறக்கி ஏற்றும் ராமை இணைத்துவிடுவதுதான் கிளச். பழைய சாவி கிளச் என்றால், பெடலை மிதித்த பிறகு ராம் ஒரு சுற்று முடிக்காமல் நிற்காது, சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் பயனில்லை. உராய்வு கிளச்சை நடுவழியில் நிறுத்தலாம். எதுவானாலும் மோட்டாரை நிறுத்திய பிறகும் பிளைவீல் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அது முழுக்க நிற்கும்வரை காத்திருந்து, மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டு, ராமுக்குக் கீழே பாதுகாப்புக் கட்டையை வைத்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். சுப்பர்வைசர் அவசரப்படுத்தினால் படுத்தட்டும். நான் வேலை பழகிய இடத்தில் பக்கத்து மெசின்காரருக்கு இரண்டு விரல் போனது இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான், இன்றைக்கும் எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை.

சரி, செட்டிங்குக்கு வருவோம். ராம் அடிமட்டத்துக்கு வரும்போது அதற்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே இருக்கும் உயரம்தான் ஷட் ஹைட். மூடிய அச்சு அதைவிட உயரமாக இருந்தால் அச்சு உடையும், மெசினின் உடம்பே வெடிக்கலாம். ஆகவே ஏற்றும் முன்பே அளந்துவிடுங்கள். கட்டையை வெளியே எடுத்துவிட்டு, முதல் அடியை இஞ்சிங்கில், அதாவது ராமைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் முறையில், மெதுவாக இறக்கிப் பாருங்கள்.

அப்புறம் தொன் கணக்கு. வெட்டு விளிம்பின் நீளம், தகட்டின் தடிப்பு, உலோகத்தின் வெட்டு வலிமை மூன்றையும் பெருக்க வேண்டும். 2 மில்லிமீற்றர் சாதா இரும்புத் தகட்டில் 50 மில்லிமீற்றர் வட்டத் துளை போட ஏறத்தாழ 11 தொன் அழுத்தம் வேண்டும், மெசின் அதைவிடத் தாராளமாகத் தாங்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பிசிர், அதாவது வெட்டிய ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கூரான விளிம்பு, பார்ப்பது. வெட்டிய துண்டின் ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், அச்சில் என்ன கோளாறு என்று அதுவே சொல்லும். ஒரு பக்கம் மட்டும் பிசிர் கனத்தால் மேலச்சும் கீழச்சும் நேராக உட்காரவில்லை. சுற்றிலும் கனத்தால் முனை மழுங்கியிருக்கும், இல்லையென்றால் மேலச்சுக்கும் கீழச்சுக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். சாதா இரும்புக்கு ஒரு பக்கத்து இடைவெளி தடிப்பில் 5 முதல் 10 சதவீதம், 2 மில்லிமீற்றர் தகட்டுக்கு 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் வரை. இரண்டு அச்சையும் நேராகப் பிடித்துவைக்கும் வழிகாட்டித் தூண் இல்லாத அச்சில் இந்த இடைவெளி உங்கள் கையில்தான் இருக்கிறது, ஒரு நட்டை இறுக்கும்போது லேசாக நகர்ந்தாலும் போய்விடும்.

படித்த சான்றிதழ் இல்லையே என்று தயங்க வேண்டாம். வேலை அனுபவத்தை மதிப்பிட்டு என்விகியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் முறை இருக்கிறது, உங்கள் வேலை எந்தப் பிரிவில் வரும் என்று அரசின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் விசாரியுங்கள்.