தாமதமான வீட்டுப்பாடத்துக்கு முழு மதிப்பெண், தேர்வில் இரண்டாம் வாய்ப்பு: தொடக்கப்பள்ளியில் இது நியாயமா?

நான்காம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகளின் ஆசிரியர், வீட்டுப்பாடத்தை மூன்று நாள் கழித்துக் கொடுத்தாலும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை என்றும், தேர்வைச் சரியாக எழுதாதவர்களை ஒரு வாரம் கழித்து மறுபடி எழுத வைத்துப் புதிய மதிப்பெண்ணையே பதிவேட்டில் ஏற்றுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு வந்து முதல்முறையே 9 வாங்கிய உங்கள் மகளும், இரண்டாம் முறை எழுதி 9 வாங்கிய குழந்தையும் ஒன்றா, இந்த வழக்கம் பிள்ளைகளைச் சோம்பேறிகளாக்காதா என்பது உங்கள் கேள்வி.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவன். தாமதமென்றால் ஒரு நாளைக்கு ஒரு மதிப்பெண் வெட்டுகிற ஆசிரியராகவும் இருந்திருக்கிறேன், எத்தனை முறை வேண்டுமானாலும் எழுது என்று விட்ட ஆசிரியராகவும் இருந்திருக்கிறேன். இரண்டிலும் தவறு செய்தேன். எனவே உங்கள் கவலையை வீண் கவலை என்று தள்ள மாட்டேன். ஆனால் நீங்கள் விவரித்த ஆசிரியர் செய்வது, ஒரு நிபந்தனை மட்டும் சேர்ந்திருந்தால், சரியானது என்றே கருதுகிறேன். அந்த நிபந்தனைக்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் ஒரு விடைத்தாளைச் சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு சிறுவன் வகுத்தல் தேர்வில் பத்துக்கு நான்கு வாங்கினான். தவறிய ஆறு கணக்குகளையும் வரிசையாகப் பார்த்தபோது, ஆறும் ஒரே தவறு என்பது தெரிந்தது. 618-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் 13 என்று எழுதியிருந்தான்; 6-க்குள் ஒருமுறை, 18-க்குள் மூன்றுமுறை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, நடுவிலுள்ள 1-க்குள் 6 போகாது என்பதைக் காட்ட ஈவில் ஒரு பூஜ்ஜியம் போட்டு 103 என்று எழுத வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அடுத்த வாரம் வேறு எண்களைக் கொண்ட தாளில் ஒன்பது வாங்கினான். இப்போது பதிவேட்டில் எதை எழுதுவது? நான்கு என்று எழுதினால் அவனுக்கு இப்போது தெரிந்ததை மறைக்கிறேன். இரண்டையும் கூட்டிச் சராசரியாக ஆறரை என்று எழுதினால், எந்த நாளிலும் இருந்திராத ஒரு மாணவனைப் பற்றி எழுதுகிறேன். ஒன்பது என்று எழுதினால்தான், அடுத்த ஆண்டு அவனைப் பெறப்போகிற ஆசிரியருக்கு, இவனுக்கு வகுத்தல் தெரியும் என்ற உண்மை போய்ச் சேர்கிறது.

மதிப்பெண் என்பது பரிசு என்று எண்ணும்போதுதான் இது அநியாயமாகத் தெரிகிறது. பரிசுக்கு ஓட்டப்பந்தயம் போல முதலில் வந்தவர், பின்னால் வந்தவர் என்ற கணக்கு உண்டு. தொடக்கப்பள்ளி மதிப்பெண்ணோ, இந்தக் குழந்தைக்கு இந்தப் பாடத்தில் இன்றைக்கு எவ்வளவு தெரியும் என்ற செய்தி. இன்னொரு குழந்தைக்கும் தெரிந்துவிட்டது என்பதால் உங்கள் மகளின் ஒன்பதில் எதுவும் குறைவதில்லை. குறைந்த இடங்களுக்குப் பலர் போட்டியிடும் நுழைவுத் தேர்வுகளின் கதை வேறு, அங்கே எல்லோருக்கும் ஒரே நாள், ஒரே தாள் என்பது அவசியம்தான். எட்டு, ஒன்பது வயதில் அப்படி எந்த இடத்துக்கும் யாரும் வரிசையில் நிற்கவில்லை.

இந்த முறை இன்றைய புதுமையும் அன்று. பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1968-இலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்: ஒரு பகுதியை நடத்தி முடித்ததும் சிறு தேர்வு வைக்க வேண்டும், எதில் தடுமாறினார்களோ அதை மட்டும் வேறு வழியில் கற்பிக்க வேண்டும், பிறகு அதே அளவிலான இன்னொரு தாளைக் கொடுக்க வேண்டும். முதல்முறையே தேறியவர்களுக்கு அந்த நேரத்தில் அதே பாடத்தில் ஆழமான வேலை தரவேண்டும் என்பதும் அந்த முறையின் ஒரு பகுதி. பல வகுப்பறைகளில் இரண்டாவது பாதி மறக்கப்படுகிறது. ஆகவே மற்றவர்கள் மறுதேர்வு எழுதும்போது உங்கள் மகள் என்ன செய்கிறாள் என்று விசாரியுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அதுதான் நீங்கள் கேட்கவேண்டிய நியாயம்.

இனித் தாமதத்துக்கு வருகிறேன். தாமதத்துக்காக மதிப்பெண்ணை வெட்டும்போது, கணக்குத் தெரிந்த ஆனால் காலந்தவறிய குழந்தைக்கும், நேரத்தில் கொடுத்த ஆனால் கணக்குத் தெரியாத குழந்தைக்கும் ஒரே எண் விழுகிறது. முன்னேற்ற அறிக்கையைப் பார்க்கும் பெற்றோருக்கு எந்தக் குறை என்றே தெரியாது. தராத பாடத்துக்குப் பூஜ்ஜியம் போட்டுச் சராசரியில் சேர்ப்பது இன்னும் மோசம். நான்கு பாடங்களில் 90 வீதம் வாங்கிய குழந்தை ஒன்றைத் தரவில்லை என்றால் சராசரி 72-க்கு இறங்கிவிடும். அந்த ஒரு பூஜ்ஜியத்தைச் சுமந்துகொண்டு 85-ஐத் தொட வேண்டுமானால், 90 வாங்கிய தாள்கள் மொத்தம் பதினேழு வேண்டும். இந்தக் கணக்கை ஒருநாள் பள்ளி முடிந்தபின் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் என் பழைய பதிவேடுகளைப் பற்றி எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு குழந்தையின் ஓராண்டுப் படிப்பைவிட ஒரு மாலை நேரத்து மறதிக்கு அதிக எடை கொடுத்திருந்தேன்.

அதற்காகத் தாமதத்தைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. அதற்குப் பதிவேட்டில் தனிப் பத்தி வைத்தேன். மதிப்பெண் ஒருபக்கம், "உரிய நாளில் கொடுத்தது, தாமதம், கொடுக்கவில்லை" என்ற குறிப்பு மறுபக்கம். இந்தப் பத்தியை மாதக் கடைசியில் நீளவாக்கில் பார்த்தால் பல சங்கதிகள் தெரியவரும். ஒரு சிறுமிக்குத் திங்கட்கிழமைகளில் மட்டுமே தாமதம். வாரக் கடைசியில் அவள் இருக்கும் வீடு வேறு, புத்தகப்பை இருக்கும் வீடு வேறு. இன்னொருவனுக்கு எழுத்து வேலைகளில் மட்டும் தாமதம். அவனுக்குப் பென்சிலைப் பிடித்து நீளமாக எழுதுவதே சிரமமாக இருந்தது. இவை இரண்டும் மதிப்பெண்ணை வெட்டித் தீர்கிற பிரச்சினைகள் அல்ல. இந்த வயதில் வீட்டுப்பாடம் நேரத்துக்கு வருவதும் வராததும் பாதிக்குமேல் பெரியவர்கள் கையில் இருக்கிறது என்பதைப் பெற்றோர்கள் அவ்வளவாக விரும்பிக் கேட்பதில்லை.

கொடுக்காத பாடத்துக்குத் தண்டனை, அதை முடித்துத் தருவதுதான் என்று வைத்திருந்தேன். பள்ளி நேரத்திலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து முடிக்க வேண்டும். தொடக்கத்தில் இதற்கு விளையாட்டு நேரத்தைப் பறித்தேன், அது பிழை. ஓடியாடாத குழந்தை பிற்பகல் முழுவதும் பாடத்தில் ஒட்டாமல் இருந்ததால், ஒன்றைப் பிடிக்கப் போய் மூன்றை விட்ட கதையாயிற்று. கடைசி நாள் என்றும் ஒன்று உண்டு: பாடப்பகுதி முடியும் நாள். அதற்குப் பிறகு வாங்கித் திருத்துவதால் குழந்தைக்கும் பயனில்லை, முப்பத்தைந்து நோட்டுகள் மேசைமேல் காத்திருக்கும் ஆசிரியருக்கும் தாங்காது.

நான் சொன்ன நிபந்தனை இதுதான்: இரண்டாம் வாய்ப்பு இலவசமாக இருக்கக்கூடாது. சில ஆண்டுகள் அதை இலவசமாகக் கொடுத்தேன். நன்றாகப் படிக்கக்கூடிய ஒரு சிறுமி, தேர்வுக்கு முந்திய நாள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்று கூசாமல் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, "மறுபடி எழுதலாமே, சார்" என்றாள். அவள்மேல் குற்றமில்லை, நான் வைத்த விதியைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தாள். அதன்பின் விதியை மாற்றினேன். தவறிய ஒவ்வொரு கணக்கையும் திருத்தி எழுதி, எங்கே, ஏன் தவறியது என்று ஒரு வரியில் தன் சொற்களில் எழுதிக் காட்டினால்தான் மறுதேர்வு. அதுவும் ஒரே ஒருமுறை, தவறிய பகுதியில் மட்டும், புதிய தாளில். முதல்முறையே படித்துவிட்டு வருவதைவிட இது அதிக வேலை என்பதை ஒன்பது வயதுக் குழந்தைகள் ஒரே மாதத்தில் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஒன்பது வாங்கிவிட்டுப் பத்துக்காக மறுபடி எழுதத் துடித்த பிள்ளைகளுக்கு மட்டும் நான் அனுமதி தரவில்லை, அவர்களுக்குத் தேவைப்பட்டது தேர்வன்று.

மறுதேர்வில் 7-க்கு மேல் தரமாட்டேன் என்று வரம்பு வைக்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களுடைய எண்ணம் புரிகிறது, உங்களைப் போன்ற பெற்றோருக்குச் சமாதானம் சொல்ல அது எளிய வழி. ஆனாலும் ஒன்பது தெரிந்த குழந்தையை ஏழு தெரிந்தவன் என்று எழுதுவது பொய்தான்.

அந்த எண்ணை நாம் எல்லோரும் அளவுக்கு மீறி நம்புகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1912-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளின் நகல்களைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னபோது, நூற்றுக்கு 50 போட்டவரும் இருந்தார், 97 போட்டவரும் இருந்தார். 1988-இல் ரூத் பட்லர் என்ற உளவியலாளர் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், மதிப்பெண் இல்லாமல் குறிப்புரை மட்டும் பெற்றவர்களே ஆர்வத்திலும் செயலிலும் முன்னேறினார்கள்; குறிப்புரையோடு மதிப்பெண்ணையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பலன் போய்விட்டது. அதைப் படித்ததிலிருந்து விடைத்தாளை முதல்நாள் மதிப்பெண் இல்லாமல் கொடுத்து, மறுநாள்தான் எண்ணைச் சொல்வேன். அந்த ஒருநாளில் மட்டும் பிள்ளைகள் என் சிவப்பு மை வரிகளைப் படித்தார்கள்.

ஆகவே ஆசிரியரிடம் போய் மதிப்பெண்ணை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பதைவிட, மறுதேர்வுக்கு முன் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டியிருக்கிறது, தாமதம் எங்கே குறிக்கப்படுகிறது என்ற இரண்டையும் கேளுங்கள். முடிந்தால் திருத்திய பக்கம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதில் குழந்தையின் கையெழுத்தில் தவறும் அதற்கான காரணமும் இருந்தால் நீங்கள் நிம்மதியாக வீடு திரும்பலாம். அப்படி ஒரு பக்கமே இல்லாமல் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண் மட்டும் ஏறியிருந்தால், உங்கள் சந்தேகம் சரி. அதை அவரிடம் நேராகவே சொல்லுங்கள்.