ஃபைனான்ஸிடம் ‘ரன்’ செய்யச் சொன்னால் என்ன செய்வது?

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தமிழ் வழியில் படித்தவள். போன வாரம் மேலாளர் ஒரு ரிப்போர்ட்டை இணைத்து, ‘ப்ளீஸ் ரன் திஸ் பை ஃபைனான்ஸ்’ என்று மெயில் அனுப்பினார். ஃபைனான்ஸ்காரர்களை வைத்து இதைச் செய்யச் சொல்கிறார் என்று நினைத்து, அவர்களிடமே வேலையைக் கொடுத்துவிட்டேன். தப்பாகிப் போனது. ‘ரன்’ என்ற வார்த்தைக்கு எத்தனை அர்த்தம்தான் இருக்கிறது? எல்லாவற்றையும் எப்படி மனப்பாடம் செய்வது?

பதில்: மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைப் புதுப்பித்தபோது ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் தேறின. அதன் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவருக்கு அந்த ஒரு சொல்லைப் பிரித்து எழுதி முடிக்கவே ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆனது. அவருக்கே அவ்வளவு நாள் பிடித்திருக்கிறது என்றால், நீங்கள் தடுமாறியதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

முதலில் உங்கள் மெயிலைப் பார்ப்போம். பள்ளியில் செயப்பாட்டு வினை நடத்தும்போது ‘பை’ என்றால் ‘ஆல்’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதுதான் இங்கே காலை வாரியது. இந்த இடத்தில் ‘பை’ என்பது ‘பக்கமாக’. ரிப்போர்ட்டை அவர்கள் பக்கம் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டி, என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள் என்பதுதான் விஷயம். நாம் ‘அவங்க காதிலயும் ஒரு வார்த்தை போட்டுடுங்க’ என்போமே, அதேதான். ‘ரன் தி ரிப்போர்ட்’ என்று எழுதியிருந்தால் கதையே வேறு. சிஸ்டத்தில் ரிப்போர்ட் எடுங்கள் என்று அர்த்தம்.

‘ரன்’னின் பாதிப் பொருள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், தமிழில் தெரியும். பஸ் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’தான். கலை அவர்கள் ரத்தத்திலேயே ஓடுகிறது என்கிறோம். ‘இட் ரன்ஸ் இன் தி ஃபேமிலி’ என்பதும் அதுவே. நாம் ‘ஓடு’, ‘ஓட்டு’ என்று இரண்டாகப் பிரிப்பதை ஆங்கிலம் ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறது. அவர் கடையை ஓட்டுகிறார் என்பது ‘ஹி ரன்ஸ் எ ஷாப்’. ஆனால் ஒரு எச்சரிக்கை: டிரைவர் பஸ் ஓட்டுவதற்கு ‘டிரைவ்’தான். ‘ஹி ரன்ஸ் பஸ்ஸஸ்’ என்றால் அவர் பஸ் முதலாளி!

தமிழ் கைகொடுக்காத இடங்களில்தான் கவனம் வேண்டும். என்னிடம் படிக்க வருகிறவர்கள் அதிகம் தடுக்கிவிழுவது ‘ரன் அவுட்’டில். பால் தீர்ந்துபோச்சு என்பதற்கு ‘தி மில்க் ஹேஸ் ரன் அவுட்’ என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்று சொல்லத்தான் வாய் வராது. காரணம் இருக்கிறது. தமிழில் பால்தான் தீரும், நாம் தீர மாட்டோம். ஆங்கிலத்தில் இரண்டும் நடக்கும். ஆளை முன்னால் வைத்தால் ‘ஆஃப்’ கட்டாயம் வரும், பொருளை முன்னால் வைத்தால் வரவே வராது. நேரம், பணம், பொறுமை எதுவானாலும் இதே கணக்குதான்.

அப்புறம், பின்னால் ஒட்டும் குட்டிச் சொற்கள். ‘ஐ ரேன் இன்டு யுவர் அங்கிள்’ என்றால் உங்கள் மாமாவை வழியில் தற்செயலாகப் பார்த்தேன். அதில் ‘இன்டு’வை ‘ஓவர்’ ஆக்கினால் அவர்மேல் வண்டியை ஏற்றிவிட்டேன் என்றாகிவிடும். அதே ‘ரேன் ஓவர்’ மீட்டிங்கோடு வந்தால், சொன்ன நேரத்தைத் தாண்டிப் போய்விட்டது, அவ்வளவுதான். ‘கிவ் மி எ ரன்டவுன்’ என்று மேலாளர் கேட்டால் சுருக்கமாக விவரம் சொல்ல வேண்டும். ‘ஐ ஃபீல் ரன் டவுன்’ என்று அவரே சொன்னால், பாவம், உடம்பு அசந்துபோயிருக்கிறார்.

உங்கள் துறையிலேயே இரண்டு உண்டு. ‘ரன்னிங் டோட்டல்’ என்பது ஒவ்வொரு பதிவோடும் மாறிக்கொண்டே வரும் கூட்டுத்தொகை. ‘ரன் ஆன் தி பேங்க்’ என்பது பணம் போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்க முண்டியடிப்பது. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகள் முன்னால் மக்கள் வரிசைகட்டி நின்றது அப்படித்தான்.

ஒரு நோட்டுப் போடுங்கள். அதில் ‘ரன் = ஓடு’ என்று எழுதாதீர்கள். மெயிலில் வந்த முழு வாக்கியத்தையும் எழுதி, அதையே வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படிப் பக்கத்தில் எழுதுங்கள். முன்னால் இருப்பது யார், பின்னால் ஒட்டியிருப்பது எது என்று இரண்டையும் அடிக்கோடிடுங்கள். உங்கள் ஆபீஸில் புழங்கும் ‘ரன்’கள் இருபது, இருபத்தைந்துக்கு மேல் போகாது என்றே நினைக்கிறேன்.

மேலாளருக்குப் பதில் எழுதும்போது ‘ஐ ஹேவ் ரேன்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘ஹேவ்’ வந்துவிட்டால் மறுபடி ‘ரன்’தான். ஃபைனான்ஸில் காட்டிச் சரி என்றார்கள் என்றால், ‘ஐ ஹேவ் ரன் இட் பை ஃபைனான்ஸ். தே ஆர் ஓகே வித் இட்.’ இவ்வளவு போதும்.