மன்னார்குடி தம்பிக்கு: ஒரு மூத்தவரைத் தேடுங்கள்

தம்பி, பி.இ. முடித்து மூன்று வருடம், வங்கித் தேர்வு இரண்டு முறை கைநழுவியது, காலையில் எழவே மனம் வரவில்லை, ஆராதனை முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் கிளம்பிவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நானும் ஒரு காலத்தில் கடைசி பெஞ்சுதான்.

என்னை நிமிர்த்தியவர் எங்கள் சபையில் இருந்த ஓய்வுபெற்ற லஸ்கர், அதாவது வாய்க்கால் மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். உபதேசமே கிடையாது. சனிக்கிழமை விடிந்ததும் வாய்க்கால் கரையில் நடை. மதகுக் கட்டையில் உட்கார்ந்ததும், "போன வாரம் சொன்னதில் எதைச் செய்தாய்?" என்பார். ஒன்றும் செய்யவில்லை என்றால் திட்டமாட்டார், டீ வாங்கித் தருவார். அந்த டீயைக் குடிப்பதுதான் கஷ்டம்!

போதகருக்கு நூறு வேலை. பொறுமையாகக் காது கொடுக்கிற ஒரு பெரியவரிடம், "ஐயா, வாரம் ஒரு மணி நேரம் தருவீர்களா?" என்று நேராகவே கேளுங்கள்.

தஞ்சை சிவகங்கைப் பூங்கா பக்கம் போனால் சுவார்ட்ஸ் தேவாலயத்தில் ஒரு பளிங்குச் சிற்பம் பாருங்கள். 1798-ல் காலமான ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மரணப் படுக்கையில். அவர் கையைப் பிடித்தபடி, அவர் பாதுகாப்பில் வளர்ந்த தஞ்சை மன்னர் சரபோஜி. மன்னர் மதம் மாறவில்லை, ஆனாலும் தன்னை வளர்த்த கையை விடவில்லை.

தூக்கமும் பசியும் சேர்ந்தே போயிருந்தால் முதலில் 14416-க்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண். அப்புறம் சனிக்கிழமை நடை.