கையைக் கழுவினால் தடயம் போய்விடுமா?

கேள்வி: துப்பாக்கியால் சுட்டவரின் கையில் வெடிமருந்துத் துகள்கள் படிந்திருக்கும் என்று செய்திகளில் படிக்கிறேன். அவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கையைக் கழுவிவிட்டால் தப்பிவிட முடியுமா? சுடாதவரின் கையிலும் அவை இருக்க வாய்ப்பு உண்டா?

பதில்: உங்கள் மூன்றாவது கேள்விதான் நீதிமன்றங்களை அதிகம் அலைக்கழித்திருக்கிறது. ஆனாலும் முதல் கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும்.

தோட்டாவின் அடியில் பிரைமர் எனப்படும் சிறு கிண்ணம் உண்டு. விசையை இழுத்ததும் துப்பாக்கியின் ஊசி அதன்மீது மோத, உள்ளே இருக்கும் ஈய ஸ்டிஃப்னேட் வெடிக்கிறது. பேரியம் நைட்ரேட் ஆக்சிஜனைத் தர, ஆன்டிமனி சல்ஃபைடு எரிகிறது. அந்தத் தீதான் தோட்டாவினுள் இருக்கும் மருந்தைப் பற்றவைத்துக் குண்டைத் தள்ளுகிறது. அந்தக் கடும் வெப்பத்தில் ஆவியான ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் சட்டென்று குளிரும்போது ஒன்றாகக் கலந்து, உறைந்த துளிகளைப் போன்ற உருண்டைத் துகள்களாகின்றன. அவற்றில் பெரும்பாலானவை 10 மைக்ரானுக்கும் சிறியவை என்பதால் வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. குழாயின் முனையிலிருந்து மட்டுமன்றி, ரிவால்வராக இருந்தால் சுழல் உருளைக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள இடுக்கிலிருந்தும் வெளியேறும் புகையோடு இவை கையின்மீது படிகின்றன.

மேற்புறத்தில் கரிம ஒட்டுப்பசை பூசிய, சட்டைப் பொத்தான் அளவேயுள்ள ஓர் உலோக வில்லையைப் புறங்கையிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடைப்பட்ட சதையிலும் திரும்பத் திரும்ப ஒற்றி எடுக்கிறார்கள். அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால், கன உலோகங்கள் உள்ள துகள்கள் மங்கலான பின்னணியில் பளிச்சென்று தெரியும். அவை வெளியிடும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஒவ்வொன்றிலும் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று கணிக்கலாம். மூன்று தனிமங்களும் ஒரே துகளில் சேர்ந்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. கையில் எங்கோ ஈயமும் வேறெங்கோ பேரியமும் இருப்பதில் பொருளில்லை. ஈயமே கலவாத பிரைமர்களும் இப்போது புழக்கத்தில் இருப்பதால், எந்தத் தோட்டா பயன்பட்டது என்பதையும் ஆய்வாளர் அறிந்திருக்க வேண்டும்.

1930களில் பரவிய முறை வேறு. உருக்கிய மெழுகைக் கையில் பூசி உரித்தெடுத்து, அதன்மேல் கந்தக அமிலத்தில் கரைத்த டைபினைலமைன் என்ற வேதிப்பொருளைத் தெளித்து, வெடிமருந்தின் நைட்ரேட்டால் நீலப் புள்ளிகள் தோன்றினால் சுட்டவர் இவரே என்றார்கள். உரத்தைத் தொட்டவர், புகையிலையைக் கையாண்டவர் ஆகியோரின் கையும் நைட்ரேட்டால் நீலமாகும் என்பதால் அதைக் கைவிட நேர்ந்தது. அதை நம்பி அக்காலத்தில் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டிருப்பார்களோ!

கழுவினால் பெரும்பாலான துகள்கள் போய்விடும் என்பது உண்மைதான். கழுவாவிட்டாலும், சட்டைப்பையில் கைவிட்டு, முகத்தைத் துடைத்து, தலையைக் கோதிக்கொண்டிருந்தாலே நான்கைந்து மணி நேரத்தில் மிகச் சிலவே எஞ்சும். அசையாத சடலத்தின் கையில் அவை நெடுநேரம் தங்குகின்றன; அதனால்தான் சடலத்தின் கைகளுக்குக் காகித உறை மாட்டுகிறார்கள், பிளாஸ்டிக் உறையில் ஈரம் கோத்துக்கொள்ளும். ஆகவே, துகள் கிடைக்கவில்லை என்பதை வைத்து ஒருவர் சுடவில்லை என்று முடிவு செய்ய இயலாது.

இனி மூன்றாவது. சுடும்போது அருகில் நின்றவர், சுட்ட துப்பாக்கியைத் தொட்டவர், ஏன், ஆயுதம் ஏந்திய காவலரின் பிடியிலோ அவரது வாகனத்திலோ இருந்தவர்கூட இத்துகள்களைப் பெறக்கூடும். பிரிட்டனில் 1999இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜில் டாண்டோ சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், ஒருவரின் மேலங்கிப் பையில் கிடைத்த ஒரே ஒரு துகள் சான்றாக முன்வைக்கப்பட்டு, 2001இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தத் துகள் கொலைத் துப்பாக்கியிலிருந்தும் வந்திருக்கலாம், வேறெங்கிருந்தும் அதே அளவு எளிதாக வந்திருக்கலாம் என்று நிபுணர்கள் பின்னர் கூறவே, 2007இல் தண்டனை ரத்தாகி, 2008 மறுவிசாரணையில் அவர் விடுதலையானார்.

கையில் ஒற்றி எடுப்பவர் துப்பாக்கியைக் கையாளாதவராக இருக்க வேண்டும், புதிய கையுறை அணிய வேண்டும், கையில் படாத வெறும் வில்லை ஒன்றையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்றெல்லாம் ஆய்வுக்கூடங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.